உள்ளே மடித்த துணி

நாடாவை வெட்டியது நான்தான். இடுப்பைச் சுற்றி வந்து, பின்பக்கம் முடிச்சு விழுந்து, அதற்குப் பிறகு நான்கு விரல் நீளம் மிஞ்ச வேண்டும். அந்தக் கணக்கில் டேப்பே இல்லாமல் வெட்டினேன். என் மகளின் அளவுக்கு எனக்கு டேப் எதற்கு? கிறிஸ்துமஸ் நாடகத்தில் இந்த வருடம் அவள்தான் மரியாள். பெத்லகேமுக்கு நடந்துபோகும் காட்சியில் நிறைமாதமாகத் தெரிய வேண்டுமென்று ஒரு சின்னப் பஞ்சுத் தலையணை தைத்திருந்தேன். கடையை மூடிய பிறகு அவளை வெட்டுமேசைக்கு முன்னால் நிறுத்தி, தலையணையை வயிற்றில் வைத்து, நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மீதி நாடா அவளுடைய தொடையில் பாதிவரை தொங்கியது.

"என்னம்மா, கயிறு இழுக்கற போட்டிக்கு வெட்டினியா?" என்றாள். கேலி பேசுவது எங்கள் குடும்பத்துச் சொத்து. அது அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

"கண்ணு மங்குதுடி, வயசாகுதுல்ல" என்று சொல்லி மிச்சத்தைக் கத்தரித்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். தலையணையைப் பார்க்கவில்லை. தலையணைக்கு மேலே, ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். துணியில் கால் அங்குலம் கூட எனக்குத் தவறியதில்லை. தவறியது கைதான் என்று அந்த நேரத்தில் நம்பிக்கொள்ள நான் என்னவெல்லாமோ செய்தேன். கத்தரியைக் கூடத் துடைத்து வைத்தேன்.

நான் புதிதாகத் துணி தைப்பதில்லை. என்னுடையது மாற்றித் தைக்கும் கடை. டிசம்பரில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: "துணி சுருங்கிடுச்சு." வருடம் முழுவதும் அலமாரிக்குள் தொங்கிய கோட்டு எப்படிச் சுருங்கும் என்று நான் கேட்பதில்லை. பிரித்து, ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்து, "ஆமா, இந்தத் துணி அப்படித்தான்" என்று கையில் கொடுத்துவிடுவேன். யாருடைய உடம்பு என்ன ஆகிறது என்று அவர்கள் வீட்டாருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். எவள் பிள்ளையுண்டாகியிருக்கிறாள், எவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் இடுப்புப் பட்டியிலேயே தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு உடையை இறுக்கிப் பிடித்துத் தைக்கும்போது மிச்சத் துணியை வெட்டி எறியக் கூடாது. உள்பக்கமாக மடித்து விட வேண்டும். இளைத்தவர் நாளைக்கே திரும்பச் சதை போட்டால் பிரித்துக் கொடுப்பதற்கு அது வேண்டும். வெளியே பார்த்தால் கச்சிதமாக இருக்கும். உள்ளே எவ்வளவு மடிந்து கிடக்கிறது என்பது தைத்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை அவள் பள்ளிக்குப் போன பிறகு அவளுடைய அலமாரியைத் திறந்தேன். சீருடைப் பாவாடைகள் இரண்டு, ஆலயத்துக்குப் போடும் நீல உடை, ஒரு கறுப்புக் கால்சட்டை. ஒவ்வொன்றாக உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக் கட்டிலில் போட்டேன். பக்கத்துக்கு மூன்று தையல் வரிசைகள். முதல் வரிசை நீல நூல். அது தீர்ந்துபோனதால் இரண்டாவது சாம்பல். மூன்றாவது எந்திரத்தில் அப்போது ஏறியிருந்த கறுப்பு. மடிப்பு தடித்து, விரலுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் புத்தகம் போல இருந்தது. மூன்றும் என் தையல். ஒவ்வொன்றும் எப்போது போட்டது என்பது வரை எனக்கு நினைவு வந்தது. "அம்மா, இடுப்புல லூசா இருக்கு" என்று வந்து நிற்பாள். தண்ணீர் கொதிப்பதற்குள் முடித்துக் கொடுப்பேன். "பாரு, உனக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்வேன். மூன்று தடவை. ஊரில் யார் இளைத்தாலும் கண்டுபிடிக்கிற நான், என் வீட்டில் ஒருத்தி இளைப்பதை யாருக்கும் தெரியாதபடி, எனக்கே தெரியாதபடி தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உடைகளைத் திரும்பப் புரட்டி, மடித்து, இருந்தபடியே அடுக்கி வைத்தேன். திருடி மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலைச் சாப்பாட்டின்போது முதல்முறையாக அவளைப் பார்த்தேன். அதற்கு முன்னால் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. அவள் நிறையப் பேசினாள். நாடகத்தில் மேய்ப்பன் வேடம் போடுகிறவன் வசனத்தை மறந்துவிட்டு ஆட்டைப் போலக் கத்தியதைச் சொன்னாள். அவளுடைய அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவளுடைய கையும் ஓயாமல் தட்டுக்கும் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் போய் வந்தது. எல்லாரும் எழுந்தபோது தட்டில் இருந்தது தட்டிலேயே இருந்தது, கொஞ்சம் இடம் மட்டும் மாறியிருந்தது.

"சாப்பிடலையாடி?"

"மத்தியானம் லேட்டா சாப்டேம்மா. பசிக்கல."

இந்தப் பதிலை எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது.

என் கணவர் மின்தூக்கிகளைப் பழுது பார்ப்பவர். பத்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்றுகொண்டு, மேலே எந்த மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தால் காது இரண்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவள் தன் அறைக்குப் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"என்னங்க, பொண்ணு ரொம்ப இளைச்சுட்டா."

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "பெல்ட்டுல ஓட்டை போட்டுக் கொடுத்தேன்" என்றார்.

"எப்போ?"

"மூணு தடவை. போன மாசம் கடைசியா. ஆணியைச் சூடு பண்ணிப் போட்டேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ தைக்கறவ. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்." தட்டை அடுக்கில் வைத்துவிட்டு, "தெரிஞ்சும் நீ சும்மா இருக்கேன்னா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

நாங்கள் இருவரும் அடுக்களை விளக்கின் கீழ் நின்றோம். அவர் முகத்தில் இருந்தது பயம்தான். கட்டடத்தின் உச்சியில் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற மனிதர். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். "பண்டிகை முடியட்டும். அப்புறம் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகலாம்" என்றார். நான் உடனே சரி என்றேன். அவ்வளவு சீக்கிரமாகச் சரி சொன்னதற்காக இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் எப்படி ஓடியது என்று தெரியவில்லை. கடையில் கூட்டம் அலைமோதியது. நட்சத்திரம் கட்டினோம், கேக்குக்குச் சொல்லிவைத்தோம், ஜன்னல் திரைகளைத் துவைத்தோம். நான் வேலையைத் தேடித் தேடிச் செய்தேன். காலையில் முழங்கால் போட்டால் என் ஜெபம் ஊரையே சுற்றி வந்தது. போதகரின் முழங்கால் வலிக்கும், சலவைக்கடைக்காரரின் விசா விண்ணப்பத்துக்கும், முகம் தெரியாத யார் யாருக்கெல்லாமோ ஜெபித்தேன். மகளின் பெயர் வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். கர்த்தரிடம் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அவர் பதில் சொன்னால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

ஒத்திகைக்கு உடைகளை எடுத்துக்கொண்டு போனபோது போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன முகம் உங்க பொண்ணுக்கு! கன்னம் ஒட்டி, கண்ணு பெருசா, அப்படியே படத்துல வர்ற மரியாள்தான். வீட்டுல என்ன கொடுக்கறீங்கன்னு எனக்கும் சொல்லுங்க, நானும் இளைக்கறேன்" என்றார். நான் சிரித்தேன். நல்ல மனுஷி, அன்பாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்பை வாயிலிருந்து இறக்கி வைக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

மேடையில் தேவதூதன் வந்து மரியாளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மரியாளுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். சின்ன வயசு மகள் ஒருநாள் முகம் மாறி, சாப்பாட்டைத் தள்ளி வைத்திருப்பாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்கலாமா வேண்டாமா என்று எத்தனை நாள் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாளோ? அவளைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வரி இல்லை. மகளுக்கு ஒரு தூதன், யோசேப்புக்குக் கனவில் ஒரு தூதன், ஆடு மேய்த்தவர்களுக்கு ஒரு கூட்டமே வந்தது. அம்மாவிடம் பயப்படாதே என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலை என் மகன், பெரியவன், வந்தான். வேறு ஊரில் வேலை, போன ஜனவரியில் போனவன் இப்போதுதான் வருகிறான். கதவைத் திறந்தது அவள். "அண்ணா!" என்று பாய்ந்து கட்டிக்கொண்டாள். வழக்கமாக அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, "என்னடி, அரிசி மூட்டை!" என்பான். இந்த முறையும் தூக்கினான். தூக்கிய வேகத்தில் அவனே பின்னால் சாயப் பார்த்தான். மெதுவாகக் கீழே இறக்கினான். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தான்.

பையைக்கூட இறக்காமல் அடுக்களைக்கு வந்தான். "எவ்ளோ நாளாம்மா இப்படி?"

"எப்படி?"

"அம்மா." அவன் குரல் உடைந்தது. "தினமும் பார்க்கறீங்க. ரெண்டு பேரும். ஒருத்தர்கூடவா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

தினமும் பார்த்ததுதான் காரணம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? நான் அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

நாடகம் இருபத்துநான்காம் தேதி மாலை ஐந்து மணிக்கு. மூன்று மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். நான் எல்லாருடைய உடைகளையும் இஸ்திரி போட்டு முடித்திருந்தேன். மரியாளின் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தாள். தோளிலிருந்து அது சரிந்து சரிந்து விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் பிடிம்மா. ரெண்டு பக்கமும்."

குண்டூசி டப்பாவை எடுத்தேன். கை பழக்கத்தில் எடுத்தது. பிறகு மூடியைப் போட்டு மூடி வைத்தேன்.

"மாட்டேன்."

"என்னது?"

"பிடிக்க மாட்டேன். இனிமே உன் துணி எதையும் பிடிக்க மாட்டேன்."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்பது என்று இத்தனை நாள் மனதுக்குள் தைத்துப் பிரித்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "ஏன் கண்ணு சாப்பிட மாட்டேங்கற?" என்று மட்டும்தான் கேட்டேன். கோபப்படுவாள் என்று பயந்திருந்தேன். கோபப்படவில்லை. வெட்டுமேசையின் விளிம்பில் உட்கார்ந்து, அங்கியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"போன வருஷம் நான் தூதன் வேஷம் போட்டேன்ல?" என்றாள். "கொக்கி போட முடியல. எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க. நீ வாயில ஊசியை வெச்சுக்கிட்டு..."

அவள் முடிப்பதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆலயத்தின் பின்னறை. இருபது பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள். கொக்கி எட்டாமல் நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: இந்தத் தூதனுக்கு ரெண்டு சிறகு பத்தாது, நாலு வெச்சாத்தான் தரையை விட்டுக் கிளம்பும். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அது அவ்வளவு நன்றாக எடுபட்டதால் பண்டிகை விருந்துக்குப் போன இரண்டு வீடுகளிலும் அதை மறுபடி சொன்னேன். இரண்டு தடவையும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு தெரியும்மா. அது மட்டும்தான் காரணம்னு சொல்லல. அன்னைக்கு ஆரம்பிச்சேன். மொதல்ல நல்லா இருந்துச்சு. எல்லாரும் அழகா இருக்கேன்னாங்க. இப்போ நிறுத்தணும்னு நெனச்சாலும் எனக்கு நிறுத்தத் தெரியல." அவள் குரல் சின்னதாகிவிட்டது. "பயமா இருக்கும்மா."

"எதைப் பார்த்துடி?"

"தட்டைப் பார்த்து."

எனக்கு எதற்கும் பதில் இருக்கும். ஊரே சொல்லும், என் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது என்று. அன்றைக்கு வந்தது இவ்வளவுதான். "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "தப்புப் பண்ணிட்டேண்டி." அவள் எழுந்து வந்து என் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அவளுடைய விலா என் கன்னத்தில் அழுந்தியது. அந்த எலும்புகளுக்குள்ளே அவளுடைய நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அங்கியைப் பிடிக்கவில்லை. தோளில் ஒரு சால்வையைப் போட்டு அப்படியே அனுப்பினேன். நாடகம் நன்றாகத்தான் போனது. மேய்ப்பன் வசனத்தை மறக்கவில்லை. தொட்டிலுக்கு முன்னால் முழங்காலில் நின்ற மரியாள் எழுந்தபோது தடுமாறி, யோசேப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு நேரம் அவள் கண் எதையும் பார்க்கவில்லை. நடிப்பு என்று நினைத்து முன்வரிசையில் யாரோ உருகிப்போனார்கள். நான் திரைக்குப் பின்னால் திரையையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்து வழியாகப் பார்த்தால், மூன்றாவது வரிசையில் என் கணவர் எழுந்து நின்றிருந்தார். பின்னால் இருந்தவர் தோளில் தட்டி உட்காரச் சொன்னார். நாடகம் முடியும்வரை அவர் உட்காரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "பண்டிகை முடியட்டும்னு சொன்னேன்ல" என்றார். "முடிய வேணாம். நாளைக்குக் காலையிலேயே போயிடலாம்." பின்னிருக்கையில் அண்ணனின் தோளில் சாய்ந்திருந்த அவள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நான் போகாமலிருந்தது இந்த ஒரு வருடம்தான். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களைத் தவிர, விரலை வெட்டிக்கொண்ட ஒருவர் மட்டும் இருந்தார். மேசைமேல் யாரோ ஒரு சின்னக் கிறிஸ்துமஸ் குடிலை வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். தூரத்தில் ஆலய மணி அடிப்பது கேட்டது. அவளுடைய அப்பாவும் அண்ணனும் தாழ்வாரத்தில் நின்றார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார், அதற்குள் எடை பார்த்துவிடலாம் என்றாள் செவிலி. வயதில் என் மகளைவிட நான்கைந்து வருடம் மூத்தவளாக இருப்பாள். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். தராசு பழைய காலத்து முள் வைத்த தராசு. என் மகள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏறினாள். ஏறும்போது அவளுடைய கை என் கைக்குள் இருந்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது, யாருடைய ஈரம் என்று தெரியவில்லை. முள் அங்குமிங்கும் ஆடியது, நிற்கவில்லை.

செவிலி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கையை விடுங்கம்மா" என்றாள். "நீங்க தாங்கிக்கிட்டு இருந்தா சரியாக் காட்டாது."

விட வேண்டும் என்று எனக்கும் தெரியும். சரி என்று தலையாட்டினேன். ஒவ்வொரு விரலாக விரித்தேன், ஐந்து விரலையும் விரித்தேன். கை வரவில்லை. அவள்தான் பற்றிக்கொண்டிருந்தாள்.